டெலிபோட்டோ லென்ஸும் கூர்மையின் சரித்திரமும்

தூரத்தில் நிற்கும் பறவையையும் விலங்கையும் அருகில் நிற்பதுபோல் படமெடுக்க விழைந்த மனிதன், அதற்குரிய கருவியைப் பெற்ற நாள் முதலாகவே, அந்தக் கருவி தரும் படம் ஏன் மங்கலாக விழுகிறது என்ற கேள்வியையும் கூடவே சுமந்து வந்திருக்கிறான். ஒரு தலைமுறை கண்ணாடியின் மீது குற்றம் சுமத்தியது. அடுத்த தலைமுறை கையின் நடுக்கத்தைப் பழித்தது. பின்வந்தவர்கள் காமிராவுக்குள் இருக்கும் யந்திரத்தின் மீது சந்தேகம் கொண்டார்கள். இந்தச் சரித்திரத்தை நிதானமாகத் தொடர்ந்து பார்க்கையில், ஃபோகஸ் சம்பந்தமான தோஷங்களில் பெரும்பாலானவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது: கூர்மையைச் சரிபார்க்கும் இடம் ஒன்று, படம் பதியும் இடம் இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை ஒழிப்பதற்காக மனிதன் பட்ட பாடே இக்கருவியின் சரித்திரத்தில் பெரும்பகுதி.

குவிவில்லையின் பின்னால் ஒரு குழிவில்லையை வைத்தால், குழலை அதிகம் நீட்டாமலே பெரிய பிரதிபிம்பத்தைப் பெறலாம் என்ற தத்துவத்தை வானசாஸ்திரி கெப்ளர் 1611-இல் வெளியான ‘டயாப்ட்ரிஸ்’ என்ற தம் நூலிலேயே விளக்கிவிட்டார். ஆயினும் அது காமிராவின் லென்ஸாக உருப்பெற இருநூற்றெண்பது வருஷங்கள் பிடித்தன. 1891-ஆம் ஆண்டில், லண்டனில் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயரும், பெர்லினில் அடால்ஃப் மீத்தேயும், மியூனிக்கில் அடால்ஃப் ஸ்டைன்ஹைலும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, டெலிபோட்டோ லென்ஸை ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவாக்கினார்கள். யார் முந்தியவர் என்ற வழக்கு அக்காலத்தில் சூடாக நடந்தது. அதை நாம் ஆராய வேண்டியதில்லை. அந்த லென்ஸைப் பயன்படுத்தியவன் எவ்விதம் அவஸ்தைப்பட்டான் என்பதே நமக்கு முக்கியம்.

அந்தக் கருவியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பித்தளைக் குழலின் முன்புறத்தில் குவிவில்லைத் தொகுதி; பின்புறத்தில் குழிவில்லைத் தொகுதி; இவ்விரண்டின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு பல்சக்கரத் திருகு. இடைவெளி மாறும்போது பிம்பத்தின் அளவு மாறும். அளவு மாறும்போது ஃபோகஸும் மாறும். பிம்பத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் ஒளி இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே படமெடுப்பவன் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, மங்கலான தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழுந்த, மாலை நிழலைப்போல் வெளிறிய பிம்பத்தைப் பூதக்கண்ணாடியால் துருவி, இதுதான் கூர்மை என்று தீர்மானித்து, பிறகு அந்தக் கண்ணாடியை அகற்றி, அதே இடத்தில் ரசாயனத் தட்டைச் செருகி, பல விநாடிகள் மூடியைத் திறந்துவைத்து, காற்றில் முக்காலி ஆடாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்பான். தேய்த்த கண்ணாடி இருந்த அதே தளத்தில் தட்டு உட்காராமல் மயிரிழை முன்னோ பின்னோ இருந்துவிட்டால் அத்தனை சிரமமும் வீண்.

தட்டு சரியாக உட்கார்ந்தபோதும் படம் மங்குவதுண்டு என்பதும், அதற்கான காரணம் என்ன என்பதும் டால்மேயரின் காலத்துக்கு முன்பே தெரிந்திருந்தன. லண்டனில் தொழில் நடத்திய பிரெஞ்சுக்காரரான அந்துவான் க்ளோதே, 1840-களில், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் தளமும் ரசாயனத் தட்டில் கூர்மையாகப் பதியும் தளமும் ஒன்றல்ல என்பதைக் கண்டறிந்தார். நம் கண் மஞ்சளும் பச்சையுமான ஒளியில் நன்றாகக் காண்கிறது. அக்காலத் தட்டோ நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தது. லென்ஸ் இவ்விரு வகை ஒளியையும் வெவ்வேறு இடங்களில் குவித்தது. இதை நிரூபிக்க அவர் அமைத்த கருவியில், எண்ணிட்ட தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு தூரத்தில் விசிறிபோல் நிறுத்தப்பட்டிருந்தன. நடுத்தகட்டின் மீது ஃபோகஸ் செய்து படமெடுத்துவிட்டு, எந்த எண் கூர்மையாக விழுந்திருக்கிறது என்று பார்த்தால், பிழை முன்னே சென்றதா, பின்னே சென்றதா, எவ்வளவு சென்றது என்பதெல்லாம் பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். இன்று லென்ஸைச் சோதிப்பவர்கள் சாய்வாக நிறுத்திய அளவுகோலைப் படமெடுக்கிறார்களே, அதன் மூதாதை இதுவே. பிழையைப் பற்றி ஊகம் செய்வதை விடுத்து அதை அளந்து பார்க்கக் கற்பித்த க்ளோதேக்கு, இத்துறை பட்டிருக்கும் கடன் பெரிது.

சிறு பிலிம் காமிராக்கள் பரவிய 1930-களில் பிரச்சினை புதிய வடிவம் எடுத்தது. லைக்கா போன்ற காமிராக்களில் தூரத்தை அளக்க இரண்டு சிறு ஜன்னல்கள் வழியே பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தது. ஜன்னல்களின் இடைவெளி சில சென்டிமீட்டர்தான் என்பதால், நீண்ட லென்ஸுக்கு வேண்டிய துல்லியம் அதற்குக் கிட்டவில்லை. இதன் காரணமாகவே, லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் 1935-இல் 200 மில்லிமீட்டர் டெலிட் லென்ஸை வெளியிட்டபோது, பிம்பத்தை நேரே கண்டு ஃபோகஸ் செய்ய உதவும் ஆடிப்பெட்டி ஒன்றையும் கூடவே தர நேர்ந்தது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களோடு பெயர் இணைந்த ஸைஸ் நிறுவனத்தின் 180 மில்லிமீட்டர் சோனார் லென்ஸ் முதலில் ரேஞ்ச்ஃபைண்டருடன் இணைக்கப்பட்டிருந்தாலும், பிறகு அதற்கும் ஆடிப்பெட்டியே கதியாயிற்று. இவ்வாறு, நீண்ட லென்ஸின் தேவையே ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் காமிராவின் செல்வாக்குக்கு வழி வகுத்தது என்று சொல்வது மிகையாகாது. 1959-இல் வந்த நிகான் எஃப் அந்த வழியை ராஜபாட்டையாக்கியது.

ரிஃப்ளெக்ஸ் காமிராவில் லென்ஸ் தரும் பிம்பத்தையே பார்க்கிறோம் என்றாலும், பிலிமின் தளத்தில் அதைப் பார்ப்பதில்லை. நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்த ஆடி மேலே திருப்பிவிடும் பிம்பத்தை, பிலிமுக்குச் சமதூரத்தில் பொருத்திய ஒரு திரையில் பார்க்கிறோம். ஆடியின் கோணம் சிறிது பிசகினாலும் கண் கூர்மை என்று சொல்வதைப் பிலிம் மறுத்துவிடும். பார்க்கும் இடமும் பதியும் இடமும் மறுபடி பிரிந்தன. திரையின் நடுவில் பிம்பத்தை இரண்டாகப் பிளந்து காட்டிய பட்டகமோ, எஃப் 5.6-க்கும் மேற்பட்ட குறுகிய துளையுடைய லென்ஸ்களைப் பொருத்தியபோது பாதி கறுத்து, உபயோகமற்றுப் போயிற்று. டெலிபோட்டோ லென்ஸ்களில் பல அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவரும், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வருமான மா. கிருஷ்ணன், யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தது இந்தக் காலத்தில்தான். பல பாகங்களைத் தாமே ஒன்றுசேர்த்து அமைத்துக்கொண்ட காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று அவர் பெயரிட்டிருந்தார். கடையில் வாங்கிய யந்திரத்தின் மீது நம்பிக்கை வைத்துவிட்டு, படம் மங்கியதும் உற்பத்தியாளரை ஏசுகிற வழக்கத்துக்கு நேர் எதிரான மனப்பாங்கு அது. தம் கருவியின் குணமும் தோஷமும் அறிந்து, அது எந்தத் தூரத்தில் எந்த ஒளியில் நம்பத்தக்கது என்று தெளிந்தவரிடம், இன்றைய வசதிகளில் ஒன்றும் இல்லாத காமிராகூடச் சொன்னபடி கேட்டது. தமிழ்நாட்டின் இன்றைய வனவிலங்குப் புகைப்படக்காரர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நீண்ட லென்ஸின் கண்டிப்பு எத்தகையது என்பதற்கு ஒரு கணக்கு சொல்லலாம். 35 மில்லிமீட்டர் பிலிமுக்குரிய வழக்கமான அளவையின்படி, பத்து மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்து எஃப் 5.6 துளையில் படமெடுத்தால், 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஏறக்குறைய ஆறு மீட்டரிலிருந்து முப்பது மீட்டர் வரை எல்லாம் கூர்மையாக விழும். 400 மில்லிமீட்டர் லென்ஸில் அந்த விஸ்தாரம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். 600 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 4-இல் திறந்தால் எஞ்சுவது ஆறேழு சென்டிமீட்டர் மாத்திரமே. நம்மை நோக்கி உட்கார்ந்திருக்கும் கொக்கின் கண் தெளிவாக இருந்தால் வால் தெளிவாக இராது.

கண்ணாடியும் தன் பங்குக்குத் துன்பம் தந்தது. இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் குவித்த பிறகும் மூன்றாவது நிறம் விலகி நிற்பதால், நீண்ட லென்ஸ்களின் படங்களில் விளிம்புகளில் ஊதாச் சாயல் படிந்தது. ஃப்ளூரைட் என்ற கனிமத்தால் இதைப் போக்கலாம் என்பதை ஒளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1886-இலேயே நுண்ணோக்கிகளில் செய்து காட்டியிருந்தார். ஆயினும் பெரிய லென்ஸுக்கு வேண்டிய அளவில் மாசற்ற இயற்கைப் படிகம் கிடைப்பது அரிது. செயற்கையாக வளர்த்த ஃப்ளூரைட் படிகத்தைக் கொண்டு கானன் நிறுவனம் 1969-இல் 300 மில்லிமீட்டர் லென்ஸை வெளியிட்டது. உஷ்ணத்தால் அந்தப் படிகம் எளிதில் விரிவடையும் என்பதனாலேயே, அந்நிறுவனத்தின் பெரிய லென்ஸ்கள் 1976 முதல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை நிறம் பூண்டன. ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் சிறிது சுழல்வதைக் கண்டு பழுது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வெப்பத்தால் குழலும் கண்ணாடியும் மாறுபடுவதற்கு விட்டுவைத்த இடைவெளி அது.

இனி, கையின் வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்ட கதை. கெப்ளரின் நூல் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1619-இல், கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஏசுசபைத் துறவி, கண்ணைப் பற்றி எழுதிய நூலில் ஒரு பரிசோதனையை விவரித்தார். ஓர் அட்டையில் அருகருகே இரண்டு ஊசித்துளைகள் இட்டு, அவற்றைக் கண்ணின் முன் பிடித்து ஒரு பொருளைப் பார்த்தால், கண் அந்தப் பொருளின் மீது ஃபோகஸ் கொண்டிருக்கும்போது ஒரே பிம்பமும், இல்லாதபோது இரண்டு பிம்பங்களும் தெரியும். இரண்டு பிம்பங்களின் விலகல் எவ்வளவோ அவ்வளவு பிழை. எந்தத் துளையின் பிம்பம் எந்தப் பக்கம் விலகியது என்பதிலிருந்து பிழையின் திசையும் தெரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வானசாஸ்திரி யோஹன்னஸ் ஹார்ட்மான் துளையிட்ட தடுப்புகளை வைத்துப் பெரிய தொலைநோக்கிகளைச் சோதித்தது இந்தத் தத்துவத்தின் விரிவே. தானாக ஃபோகஸ் செய்யும் ரிஃப்ளெக்ஸ் காமிராக்களில் பெரும்பாலானவை இதே தத்துவத்தை மின்னணு வடிவில் அனுசரித்தன. லென்ஸின் ஒரு விளிம்பு வழியே வரும் ஒளியையும் எதிர் விளிம்பு வழியே வரும் ஒளியையும் இரண்டு சிறு வில்லைகள் பிரித்து, இரண்டு உணரிக் கோடுகளின் மீது வீழ்த்துகின்றன. இரண்டு கோடுகளிலும் விழுந்த பிம்பங்கள் எவ்வளவு விலகியுள்ளன என்று கணக்கிட்டு, மோட்டாரை இத்தனை சுற்று இந்தத் திசையில் சுழற்று என்று கட்டளை பிறக்கிறது.

லைட்ஸ் நிறுவனம் 1976-இல் இத்தகைய காமிராவின் மாதிரியைக் காட்சிக்கு வைத்தும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. 1983-இல் நிகான் எஃப்3ஏஎஃப் வந்தது. காமிராவின் உள்ளேயே மோட்டாரையும் உணரியையும் அமைத்து, இந்த வசதியைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுசேர்த்த பெருமை 1985-இல் வெளியான மினோல்ட்டா 7000-ஐச் சேர்ந்தது. அதன் வெற்றியைத் தொடர்ந்து அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் தன் காப்புரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்து, 1992-இல் மினோல்ட்டாவிடமிருந்து பன்னிரண்டே முக்கால் கோடி டாலர் பெற்றது. 1987-இல் கானன் தன் பழைய லென்ஸ் பொருத்தத்தையே கைவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. அந்த ஆண்டு வந்த 300 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸின் வளைய வடிவ மீயொலி மோட்டார், கனத்த கண்ணாடித் தொகுதியைச் சத்தமின்றிக் கணத்தில் நகர்த்தியது. விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் வெள்ளை லென்ஸ்கள் அணிவகுத்து நின்றதற்கு இந்த வேகமும் ஒரு முக்கிய காரணம்.

யந்திரம் வந்தபின் தோஷங்களும் புதுவிதமாயின. ஒற்றைக் கிடைக்கோட்டு உணரி செங்குத்தான விளிம்புகளையே கண்டது. மின்கம்பியில் அமர்ந்த பறவைக்குப் பதிலாகக் கம்பியின் மீது அதன் பார்வை பட்டால், எதையும் காணாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து திரியும். சிலுவை வடிவ உணரிகள் வந்தபின் இக்குறை பெரிதும் நீங்கிற்று. பிம்பத்தை மேலும் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரைப் பொருத்தித் துளையை எஃப் 8 ஆக்கினால், உணரி எதிர்பார்க்கும் விளிம்பு ஒளி அதற்குக் கிட்டாததால் பல காமிராக்கள் ஃபோகஸ் செய்ய மறுத்தன. நாணற்புதருக்குள் இருக்கும் பறவையை விட்டு முன்னால் ஆடும் நாணலைப் பற்றிக்கொள்வதும் யந்திரத்தின் இயல்பு. லென்ஸின் பக்கவாட்டில் தூர எல்லையைக் குறுக்கும் விசையை அமைத்தது, லென்ஸ் வீணே முழுநீளம் ஓடித் திரும்பும் நேரத்தை மிச்சப்படுத்தவே; பலர் அதை ஒருமுறைகூடத் தொடாமலே, லென்ஸ் மந்தமானது என்று குறைப்படுகிறார்கள்.

ஆயினும் பெரிய கலவரம் டிஜிட்டல் காமிரா வந்த பிறகே எழுந்தது. பிலிம், தன் சட்டத்துக்குள் சற்று வளைந்து நிற்பது; அதன் பிம்பத்தை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுப் பார்த்தவருக்குச் சிறு பிழை தெரிந்ததில்லை. டிஜிட்டல் உணரியோ கண்ணாடித் தகடுபோல் சமதளமானது. அதில் பதிந்ததைக் கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் கூடவே வந்துவிட்டது. எஃப் 2.8-இல் பிலிமுக்குப் போதுமென்று கருதிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு பிழைகூட இப்போது கண்ணில் பட்டது. பொருளுக்குப் பின்னே கூர்மை விழும் பேக் ஃபோகஸ், முன்னே விழும் ஃப்ரண்ட் ஃபோகஸ் என்ற சொற்கள் புகைப்படக்காரர் வாயில் அன்றாடம் புழங்கலாயின. காமிராவின் உள்ளே பெரிய ஆடியின் பின்புறம் ஒரு சிற்றாடி தொங்கி, ஒளியில் ஒரு பகுதியைக் காமிராவின் அடிப்பகுதியிலுள்ள உணரிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டும் மடங்கி விரிகின்றன. விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் காமிராவில் அந்தச் சிற்றாடி ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் வந்து நிற்க வேண்டும். 2007-இல் வெளியான கானன் 1டி மார்க் 3 காமிராவில் இந்தச் சிற்றாடி அமைப்பைத் திருத்தித்தர அந்நிறுவனமே முன்வர நேர்ந்தது. அதே காமிராவிலும், அதே ஆண்டின் நிகான் டி3, டி300 காமிராக்களிலும், ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸைப் படிப்படியாக முன்னும் பின்னும் திருத்திக்கொள்ளும் வசதி இடம்பெற்றது.

இந்த வசதியை நான் நன்மையென்றே கருதுகிறேன். ஆனால் நோய் இன்னதென்று அறியாமல் இதை மருந்தாக உபயோகித்து, நல்ல லென்ஸையும் கெடுத்துக்கொண்டவர் அநேகர். மங்கிய படத்தைத் தேர்ந்த கண் பார்க்கும் முறை வேறு. பொருள் மங்கியிருக்க, அதற்கு முன்னோ பின்னோ உள்ள புல்லோ மண்ணோ கூர்மையாக இருந்தால், பிழை ஃபோகஸில். விளிம்புகள் ஒரே திசையில் இரட்டித்திருந்தால், ஆட்டம். எந்தத் தளமும் எங்கும் கூர்மை பெறாமல், அல்லது ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மங்கி இருந்தால், உள்ளே ஒரு வில்லை விலகியிருக்கலாம். அப்படி முடிவுகட்டுமுன் முன்னால் மாட்டிய மலிவான ஃபில்ட்டரைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். சந்தேகம் தீர, காமிராவை உறுதியான முக்காலியில் நிறுத்தி, குவியத்தொலைவைப்போல் ஐம்பது மடங்கு தூரத்தில் தெளிவான அச்செழுத்துள்ள தாளை நேராக ஒட்டி, ஒவ்வொரு முறையும் லென்ஸை முடிவிலிக்குத் தள்ளிவிட்டு யந்திரத்தைத் தானே ஃபோகஸ் செய்யவிட்டுப் பல படங்களும், பிறகு உணரியின் பிம்பத்தையே திரையில் காட்டும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து சில படங்களும் எடுத்து ஒப்பிட வேண்டும். கையால் எடுத்தவை கூர்மையாகவும் யந்திரம் எடுத்தவை ஒரே அளவில் ஒரே திசையில் பிசகியும் இருந்தாலன்றி, திருத்தத்தைத் தொடுவதற்கு நியாயமில்லை. யந்திரத்தின் படங்கள் முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால், எந்த எண்ணை இட்டும் பயனில்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 500 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு விநாடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. உணரிகளின் புள்ளிகள் பெருகப் பெருக அந்த விதியும் இறுகுகிறது. 1995-இல் கானன் 75-300 லென்ஸில் வந்த நடுக்கத்தடுப்பு இதைத் தளர்த்தியது. ஆனால் பொருளே அசையும்போது அதனால் பயனில்லை. முக்காலியில் உறுதியாக நிற்கும் லென்ஸில், இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே நடுக்கம் விளைவித்த பழைய அமைப்புகளும் உண்டு.

ஆடியே இல்லாத காமிரா வந்ததும், க்ளோதே கண்ட பிளவு ஒருவாறு மூடப்பட்டது. படம் பதியும் உணரியின் மீதே ஃபோகஸ் அறியும் புள்ளிகளையும் அமைத்துவிட்டதால், அளக்கும் தளமும் பதியும் தளமும் ஒன்றாயின. ஆடிகளின் கோணப்பிசகுக்கு இடமே இல்லை. 2013-இல், ஆடியுள்ள கானன் 70டி காமிராவிலேயே, ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பாதிகளாகப் பிரித்து, இடவிளிம்பின் ஒளியையும் வலவிளிம்பின் ஒளியையும் தனித்தனியே பார்க்கச் செய்தார்கள். ஷைனரின் இரு துளைகள் உணரியின் ஒவ்வோர் அணுவிலும் குடியேறிவிட்டன என்று சொல்லலாம். 2020-இல் வந்த கானன் ஆர்5 காமிரா பறவையை அடையாளம் கண்டு அதன் கண்ணைத் தொடர்கிறது. நாணலை விட்டுப் பறவையைப் பற்றச் செய்வதற்காக முன்பு படமெடுப்பவன் பட்ட பாட்டை நினைக்கும்போது, இது அசாதாரணமான சித்தி.

எஞ்சியிருப்பது காற்று. கோடியக்கரைப் பக்கத்து உப்பளங்களில், நண்பகலில், அரை மைல் தூரத்துப் பூநாரைக் கூட்டத்தை எத்தனை விலையுயர்ந்த லென்ஸால் எடுத்தாலும் கால்கள் நெளிந்து, விளிம்புகள் கரைந்து விழும். அடுத்தடுத்த படங்களில் அந்த நெளிவு வெவ்வேறு இடத்தில் இருக்கும், அதுவே அதன் அடையாளம். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. திறந்த கார் ஜன்னலின் உட்காற்றும், குளிரூட்டிய அறையிலிருந்து உடனே வெளியே எடுத்த லென்ஸின் முன் நிற்கும் காற்றும்கூட அதே வேலையைச் செய்யும். இது தொலைநோக்கிக்கும் பொதுவான தொல்லை என்பதையும், உயர்ந்த மலையுச்சிகளின் அமைதியான காற்றே இதற்குப் பரிகாரம் என்பதையும் நியூட்டன் 1704-இலேயே எழுதியிருக்கிறார். வளைந்த ஒளியை ஆடியைக் கணந்தோறும் வளைத்து நேராக்கும் யுக்தியை 1953-இல் வானசாஸ்திரி ஹொரேஸ் பாப்காக் முன்மொழிந்தார்; பிற்காலத்தில் வானாராய்ச்சி நிலையங்கள் அதைச் சாதித்தும் காட்டின. தோளில் சுமக்கும் காமிராவுக்கு அது இன்னும் வரவில்லை. ஆகவே உப்பளத்துக்குச் செல்கிறவர்கள் சூரியன் தரையைச் சூடாக்குமுன் போய்ச் சேர்ந்து, பறவைகள் கலையாத அளவுக்கு இயன்றவரை நெருங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் லென்ஸைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள்.